மேடை, பாட்டு, மீம்: பேச்சுக்கலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேச்சுப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பாதிப்பேர் பேச்சுப்போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள். மீதிப்பேர், பிள்ளைகளை அழைத்துவந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும் அம்மா அப்பாக்கள், குரூப் தேர்வுக்குப் படிப்பவர்கள், கட்சிக் கூட்டத்தில் மைக் பிடிக்க ஆசைப்படும் இளைஞர்கள். ஏழெட்டு வருடமாக ஒரே சந்தேகங்கள்தான் வேறுவேறு வாயிலிருந்து வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே எழுதி, வகுப்பில் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

“ரெட்டரிக், ரெட்டரிக்னு சொல்றீங்களே, அதுக்குத் தமிழ்ல என்ன மிஸ்?”

சொல்வன்மை. திருக்குறளில் 65-ஆவது அதிகாரத்தின் பெயரே அதுதான். நாவன்மை, பேச்சுக்கலை, சொல்லாட்சி என்றும் சொல்லலாம். கேட்பவரை நம்பவைக்க, ஒரு காரியத்தில் இறங்கவைக்க, அல்லது உள்ளுக்குள் கொஞ்சம் அசைத்துவிட, சொல்லையும் குரலையும் கையையும் கண்ணையும் பயன்படுத்தும் கலை அது.

“கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்” என்கிறார் வள்ளுவர். கேட்டவரைக் கட்டிப்போட வேண்டும், கேட்காதவரும் கேட்க ஏங்க வேண்டும். இந்தக் குறளில் பேசுகிறவரைப் பற்றி ஒன்றுமே இல்லை, முழுக்கக் கேட்பவரைப் பற்றியே இருக்கிறது. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவதும் கிட்டத்தட்ட அதுதான்: பேச்சில் பாதியைப் பேசுகிறவர் சொல்கிறார், மீதிப் பாதியைக் கேட்கிறவர் தன் மனதில் இட்டு நிரப்புகிறார்.

“அப்படின்னா இது ஏமாத்து வேலைதானே?”

இல்லை. “நாம் இருவர், நமக்கு இருவர்” என்று அரசு சுவரில் எழுதியபோது பயன்பட்டதும் இதே கலைதான். உண்மைக்கும் பொய்க்கும் தனித்தனி இலக்கணம் கிடையாது. எதுகையும் மோனையும் யார் கூப்பிட்டாலும் வரும். அதனால் “இவர் அழகாகப் பேசுகிறார், அதனால் பொய்” என்பதும் தவறு, “அழகாகப் பேசுகிறார், அதனால் உண்மை” என்பதும் தவறு. அழகை ஒரு கையிலும் செய்தியை இன்னொரு கையிலும் பிரித்து எடுக்கப் பழக வேண்டும். அதற்குத்தான் வகுப்பே.

“எதுகை மோனையில சொன்னா மட்டும் ஏன் மண்டையில அப்படியே உக்காந்துக்குது?”

அண்ணா ஒரு தேர்தல் கூட்டத்துக்கு மிகத் தாமதமாக வந்து சேர்ந்து, ரத்தினச் சுருக்கமாகப் பேசியதாகத் தமிழ்நாடே சொல்லும் வரிகள் இவை: “மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களைத் தழுவுவதோ நித்திரை, மறக்காமல் இடுவீர் எமக்கு முத்திரை.” இதைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளையே பிரிக்கச் சொல்வேன். சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை. நான்கிலும் இரண்டாம் எழுத்து ‘த்’, அது எதுகை. நான்கும் ‘ரை’ என்று முடிகின்றன, அது இயைபு. முதல் இரண்டு வரி கேட்டதுமே காது மூன்றாவதை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. நான்காவது வரும்போது கேட்பவர் பாதிச் சொல்லைத் தானே சொல்லி முடித்திருப்பார். தான் சொன்ன சொல்லை யாரும் அவ்வளவு சுலபத்தில் மறப்பதில்லை.

ஒலி ஒரு பங்குதான். இன்னும் உற்றுப் பாருங்கள். முதல் மூன்று வரியும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் நிலைமை: வெயில் மாதம், நேரமாகிவிட்டது, கண் சொக்குகிறது. “உங்கள் கஷ்டம் எனக்குத் தெரிகிறது” என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் ஓட்டுக் கேட்கிறது நான்காவது வரி. கேட்பதற்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்ற கணக்கு அது.

“வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது” என்ற தி.மு.க. முழக்கத்திலும் இதே வேலைப்பாடு இருக்கிறது. வ-வா, தெ-தே என்று மோனை. வாழ்தல், தேய்தல் என்று முரண். மொத்தம் நான்கே சொல். யாரால், எதனால், எவ்வளவு என்று அதில் ஒன்றும் இல்லை. அதையெல்லாம் கேட்டவர் தன் ஊர்ச் சாலையையும் வேலையில்லாத தம்பியையும் நினைத்து நிரப்பிக்கொண்டார்.

“வாக்குறுதியைக்கூட எதுகையில சொல்லித் தப்பிச்சுக்கலாமா?”

1967 தேர்தல் முழக்கத்தை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். “ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்.” அரிசித் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலம். காது பிடித்துக்கொள்வது ‘மூன்று படி’யை. உறுதியாகச் சொல்லப்பட்டது ‘ஒரு படி’ மட்டும். லட்சியம், நிச்சயம் என்ற இரண்டு சொல்லும் ஒரே தாளத்தில் முடிவதால், நடுவில் இருக்கும் இரண்டு படி இடைவெளி காதுக்குத் தெரிவதில்லை. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தொடங்கப்பட்டது, மாநிலம் முழுக்க விரியவில்லை.

என் கருத்தைக் கேட்டால், அந்த முழக்கத்தில் நேர்மையும் இருக்கிறது. இது ஆசை, இது உறுதி என்று பிரித்துச் சொன்ன வாக்குறுதிகள் அதற்கு அப்புறம் அதிகம் வரவில்லை.

“இப்ப யாருமே அப்படி அடுக்குமொழியில பேசறதில்லையே, ஏன்?”

அடுக்குமொழி காலங்காலமாக இருந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். தமிழில் பொதுமேடைப் பேச்சுக்கே வயது ஒன்றும் பெரிதில்லை. 1908-இல் தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் தமிழிலேயே கூட்டத்தைத் திரட்டிப் பேசினார்கள். அந்த நாளில் படித்தவர் அரசியல் பேசினால் ஆங்கிலம்தான். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது திரு.வி.க. மில் தொழிலாளிக்கு முன் நின்று பேசிய தமிழ், பிறகு மேடைத் தமிழுக்கே அடித்தளமானது. 1949-இல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கியபோது, அண்ணாவின் தமிழைக் கேட்பதற்காகவே வரும் ஒரு தலைமுறை தயாராகியிருந்தது.

அது மாறியதற்குக் கைக்கு எட்டும் காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, கடிகாரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ‘மணியோ பத்தரை’ என்று இன்று ஆரம்பிக்கவே முடியாது. நள்ளிரவு தாண்டித் தலைவர் வருவதற்காக, மாவட்டப் பேச்சாளர்கள் மாறிமாறி மணிக்கணக்கில் கூட்டத்தைப் பிடித்து வைத்திருந்த பயிற்சிக்களமே போய்விட்டது. இன்னொன்று, மைக்கும் கேமராவும். கூம்பு ஸ்பீக்கரில் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டுமென்றால் நீட்டி, ஏற்றி இறக்கி, சந்தத்தில் பேசியாக வேண்டும். செல்போன் திரையில் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அங்கே அதே குரலில் பேசினால் சண்டை போடுவதுபோல இருக்கும்.

“காமராஜர், பெரியார் எல்லாம் சாதாரணமாத்தானே பேசினாங்க? அவங்களுக்குப் பேச்சுக்கலை தேவைப்படலையே?”

சாதாரணமாகப் பேசுவதும் பேச்சுக்கலையில் ஒரு வகை. பெரியார் பேச்சு வழக்கிலேயே மணிக்கணக்கில் பேசினார். நான் சொல்வதை அப்படியே நம்பாதே, உன் புத்தியைக் கொண்டு யோசித்துப் பார் என்பது அவர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருவது. அடுக்குமொழியில் இதைச் சொன்னால் எடுபடாது. அலங்காரம் செய்துகொண்டு ‘மயங்காதே’ என்று எப்படிச் சொல்வது?

காமராஜரின் “ஆகட்டும் பார்க்கலாம்” இரண்டே சொல். செய்வேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னால் நடக்கும் என்று மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை சொல்லில் இல்லை, சொன்ன ஆளின் வாழ்க்கையில் இருந்தது. அரிஸ்டாட்டில் நம்பவைக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்: சொல்பவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, சொல்லப்படும் காரணம். காமராஜரிடம் முதலாவது மட்டுமே மற்ற இரண்டின் வேலையையும் செய்தது.

“‘உடன்பிறப்பே’, ‘ரத்தத்தின் ரத்தமே’ன்னு கூப்பிடறதுல அப்படி என்ன இருக்கு?”

மொத்த உறவும் அதில் இருக்கிறது. அண்ணா கட்சிக்காரருக்கு எழுதிய கடிதங்களில் “தம்பி” என்றார், அவர் அண்ணன் ஆனார். கருணாநிதி “என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே” என்றார். எம்.ஜி.ஆர். “என் ரத்தத்தின் ரத்தமான” என்று சேர்த்துக்கொண்டார். ஜெயலலிதாவைத் தொண்டர்கள் “அம்மா” என்றார்கள். விஜய் “என் நெஞ்சில் குடியிருக்கும்” என்று தொடங்குகிறார், கூட்டம் அடுத்த சொல் வருவதற்குள் ஆர்ப்பரிக்கிறது.

கட்சி உறுப்பினர் என்பது ஒரு சீட்டு, கிழித்துப் போடலாம். தம்பி என்பதைக் கிழிக்க முடியாது. அண்ணனிடம் கணக்குக் கேட்கவும் கூச்சமாக இருக்கும். அழைப்புச் சொல் அன்பைத் தருகிறது, அந்த அன்போடு சேர்த்துக் கேள்வி கேட்கும் உரிமையையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

“கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டு, அவங்களையே பதில் சொல்ல வைக்கிறாங்களே, எதுக்கு?”

2014 நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயலலிதா “செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?” என்று கேட்பார். கூட்டம் “செய்வோம்!” என்னும். வாயால் ‘செய்வோம்’ என்று ஆயிரம் பேர் நடுவில் சொன்னவர், வீட்டுக்குப் போகும்போது அதைத் தன் முடிவாக நினைத்துக்கொண்டு போவார். கேட்பவர் மீதிப் பாதியை நிரப்புகிறார் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, அதை வாய்விட்டு நிரப்ப வைப்பதுதான் இது. அதே தேர்தலில் அவர் சொன்ன “மோடியா, லேடியா” முழக்கத்தில் மூன்றாவது பதிலுக்கு இடமே இல்லை. 39 இடங்களில் 37-ஐ அ.தி.மு.க. வென்றது. முழக்கம்தான் வென்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓர் எழுத்து மாற்றத்தில் ஒரு மாநிலத்தின் நாடாளுமன்றத் தேர்தலை இரண்டு பேருக்கு இடையிலான போட்டியாகக் காட்டியது பெரிய வேலை.

வகுப்பில் ஒருமுறை இதைச் செய்து பார்த்தோம். “பெண்கள் படிக்க வேண்டுமா?” “வேண்டும்!” “ஊருக்கு நல்ல தண்ணீர் வேண்டுமா?” “வேண்டும்!” “கிராமத்துக்குப் பேருந்து வேண்டுமா?” “வேண்டும்!” நான்காவதாக அதே குரலில் “மைதானத்தை மூடிவிட வேண்டுமா?” என்றேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் “வேண்டும்!” என்று கத்திவிட்டு, அப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஒரு நொடி அவர்களுக்கு நான் பத்து வகுப்பு எடுத்ததற்குச் சமம்.

“ஒரே திட்டத்தை ஒருத்தர் இலவசம்ங்கிறார், இன்னொருத்தர் உரிமைங்கிறார். எது சரி?”

பெயர் வைப்பதுதான் இன்றைய அரசியல் பேச்சின் மையம், அடுக்குமொழி இல்லை. 2006-இல் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சி தருவோம் என்றபோது அதற்கு ‘இலவசம்’ என்றே பெயர். 2011-க்குப் பின் ஜெயலலிதா அரசு மடிக்கணினிக்கும் மிதிவண்டிக்கும் ‘விலையில்லா’ என்று எழுதியது. 2022 ஜூலையில் பிரதமர் மோடி இத்தகைய திட்டங்களை ‘ரேவடி’ என்றார், அது வடக்கே எள்ளும் வெல்லமும் போட்டுச் செய்யும் மிட்டாய். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்குத் தமிழக அரசு வைத்த பெயர் ‘மகளிர் உரிமைத் தொகை’. மிட்டாய் என்றால் வாங்குபவர் குழந்தை. உரிமை என்றால் வாங்குபவர் பாக்கிக்காரர் இல்லை, பாக்கி வரவேண்டியவர்.

‘மத்திய அரசு’, ‘ஒன்றிய அரசு’ என்ற வழக்கும் இதே கதைதான். 2021-இல் ஆட்சி மாறியதும் தமிழக அரசு ‘ஒன்றியம்’ என்று எழுதத் தொடங்கியது. அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது என்பது அவர்கள் வாதம். ‘மத்திய’ என்றால் நடுவில் ஒன்று, சுற்றி மற்றவை. ‘ஒன்றிய’ என்றால் சேர்ந்தவை. இரண்டு சொல்லும் ஒரே அலுவலகத்தைக் குறித்தாலும் மனதில் இரண்டு படம் வருகிறது.

எது சரி என்று என்னிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். ஒரு பெயர் காதில் விழுந்ததும், எதிர்த்தரப்பு அதே பொருளுக்கு என்ன பெயர் சொல்கிறது என்று தேடி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாப் பெயர் மாற்றமும் தந்திரம் என்றும் நினைக்க வேண்டாம். திருநங்கை, மாற்றுத்திறனாளி ஆகிய சொற்கள் கருணாநிதி ஆட்சியில் அரசு வழக்குக்கு வந்தன. அவற்றுக்கு முன் நாம் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது.

“செங்கல்லைத் தூக்கிக் காட்டுறதெல்லாம் பேச்சாகுமா?”

ஆகும். மதுரை எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2021 தேர்தல் பிரசாரத்தில் உதயநிதி ஒரு செங்கல்லைக் கையில் எடுத்து, எய்ம்ஸைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன் என்று காட்டினார். நிதி ஒதுக்கீடு, கடன், ஒப்பந்தம் என்று விளக்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு கல், கட்டடம் இல்லை, அவ்வளவுதான். மீதியை மக்கள் நிரப்பினார்கள். இப்படிக் காட்டுவதன் பலவீனமும் அதுவேதான். ஏன் தாமதம், யார் பக்கம் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்விகளைக் கல் பேசாது.

“பாட்டுல இதெல்லாம் எங்க வருது மிஸ்?”

கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே வந்துவிடும். நாகூர் ஹனிபாவின் குரல் மைக் செட்டில் கேட்டால், தி.மு.க. பொதுக்கூட்டம் என்று இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கும் தெரியும். அது வெறும் அழைப்பு இல்லை. தலைவர் வருவதற்கு முன்பே எல்லோர் மனதையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்து வைக்கும் வேலை. 2021-இல் “ஸ்டாலின்தான் வாராரு” பாட்டு செல்போன் செல்போனாகப் போனதும் அதே மரபின் தொடர்ச்சிதான்.

ஆட்சியை எதிர்க்கும் பாட்டுக்கு இலக்கணம் வேறு. 2015-இல் மக்கள் கலை இலக்கியக் கழகத்தைச் சேர்ந்த கோவன், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காக அக்டோபர் 30 அன்று தேசத்துரோகப் பிரிவில் கைதுசெய்யப்பட்டார். அந்தப் பாட்டின் முதுகெலும்பு ‘மூடு’ என்ற ஏவல் வினை. மனு எழுதினால் ‘மூடுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுத வேண்டும். பாட்டில் மரியாதை விகுதி உதிர்ந்து, குடிமகன் அரசுக்கு உத்தரவு போடுகிறான். அதைப் பறை அடியோடு பத்து முறை திருப்பிச் சொன்னால், கேட்கிற கிழவிகூட அடுத்த அடியில் சேர்ந்துகொள்வாள். அதிகாரம் பயந்தது அந்தச் சேர்ந்துகொள்ளுதலைப் பார்த்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

“ராப் வெளியூர்ச் சரக்குதானே? அதை எதுக்கு நம்ம மரபோட சேர்க்கிறீங்க?”

பிறந்தது நியூயார்க்கின் பிராங்க்ஸில், 1970-களில், கறுப்பின மக்களிடம். அதை மறைக்கக் கூடாது. தமிழுக்கு அது வந்த வழிகூட சென்னை மட்டும் இல்லை. மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006-இலேயே தமிழ் ராப் தொகுப்பு வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் வந்த விருந்தாளிக்கு இங்கே உட்கார இடம் தயாராக இருந்தது. தஞ்சைப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி பாடுவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, விடிய விடியப் பாட்டாலேயே வாதம். மேற்கே ராப் போட்டி என்கிறார்களே, அதன் பங்காளி இது.

வடசென்னைக் கானாவும் ஒப்பாரியும் ராப்போடு சேர்ந்தது என்னை அதிகம் ஈர்க்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, தன் பெயரையே அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுத்தது. ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி அந்த மேடையில் பாடினார். இழவு வீட்டில் மட்டும் கேட்ட குரல் அரங்கத்துக்குள் வந்ததே ஒரு வாதம், வரிகள் அப்புறம். 2021-இல் ராப் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை இருக்கிறது. நிலம் பறிபோன கதையை அந்தப் பாட்டு புகார் மனுவாகச் சொல்லவில்லை. எல்லோரையும் வரச்சொல்லி அழைத்து, நாய்க்கும் நரிக்கும்கூட ஏரியில் பங்கு உண்டு என்று சொல்லி, ‘அப்படியானால் எங்களுக்கு?’ என்ற கேள்வியை நம்மிடமே விட்டுவிடுகிறது.

“மீம் வெறும் சிரிப்புதானே? அதுல என்ன பேச்சுக்கலை?”

தொல்காப்பியம் பழமொழிக்கு இலக்கணம் சொல்கிறது. முதுமொழி என்பது அதன் பெயர். நுண்மை, சுருக்கம், ஒளி எல்லாம் இருக்க வேண்டும், எடுத்த பொருளை முடித்துவைக்க வர வேண்டும், ஏது காட்டி வர வேண்டும். ஏது என்றால் காரணம். பழமொழி அலங்காரமாக வருவதில்லை, வாதமாக வருகிறது என்பது அந்த நூற்பாவின் சாரம். “ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்” என்று சொன்னால் எதிராளியின் சாக்கு முழுவதும் ஒரே வரியில் முடிந்துபோகிறது, விளக்கவே வேண்டாம். வடிவேலு முகம் இருக்கும் மீம் இன்று அந்த வேலையைத்தான் செய்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சியை எடுத்து, புதிய சம்பவத்தின் மேல் வைத்து, முடிவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

2019 மே மாதம் பாகிஸ்தானிலிருந்து இயங்கிய ஒரு பேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர், ‘சுத்தியல், இது விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணி மண்டை உடைந்தது’ என்று 2001-இல் வந்த படத்தில் வடிவேலு நடித்த நகைச்சுவைக் காட்சியை நிஜச் செய்திபோல எழுதினார். நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லும் ஹேஷ்டேக் உலக அளவில் மேலே வந்தது. மறுநாள் டெல்லியில் பிரதமர் பதவியேற்பு. அரசியலே இல்லாத ஒரு நகைச்சுவை, பேசப்பட வேண்டிய நாளில் வேறு எதையோ பேசவைத்தது. அதுவும் ஒரு பேச்சுதான். தெரிந்தவர் மட்டும் சிரிக்க முடியும் என்பதால், சிரித்தவர்கள் எல்லோரும் ஒரு கூட்டமாகிவிட்டார்கள்.

“ஹேஷ்டேக் போட்டா போராட்டம் ஆயிடுமா?”

ஆகாது, ஆனால் முழக்கம் ஆகும். 1928-இல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சைமன் குழு வந்தபோது யூசுப் மெஹரலி உருவாக்கிய ‘சைமன் கோ பேக்’ மூன்றே சொல். 2018 ஏப்ரல் 12-இல் காவிரிப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்தபோது எழுந்த ‘கோ பேக் மோடி’யும் மூன்றே சொல், அதே அச்சு. அந்த அச்சைப் பயன்படுத்தியதுமே எதிரில் இருப்பவர் அந்நிய ஆட்சியாளர் என்ற குற்றச்சாட்டு, சொல்லாமலே உள்ளே வந்துவிடுகிறது. அது நியாயமான ஒப்பீடா என்று விவாதிக்க ஹேஷ்டேக்கில் இடம் இல்லை. தெருவில் கறுப்பு பலூன் பறந்ததால்தான் அன்று அதற்கு எடை கூடியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியபோதும் அப்படியே. செல்போன் கூட்டிவந்தது, மணலில் உட்கார்ந்தவர்கள்தான் போராடினார்கள்.

“தலைவர் பேசின முப்பது செகண்டு கிளிப் வாட்ஸ்அப்ல வருது. அவரு வாயாலதானே சொல்றாரு, நம்பலாம்ல?”

தமிழில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். காரணம் நம் வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் ‘அவர்கள் சொல்கிறார்கள்’ முதலில் வரும். தமிழில் அடுத்தவர் சொன்னது முதலில் வரும், ‘என்று சொல்கிறார்களே’ கடைசியில் வரும். “இந்த மக்களுக்குப் படிப்பே ஏறாது என்று சொல்கிறார்களே, இது அடுக்குமா?” என்று ஒருவர் பேசினால், ‘என்று’ வருவதற்குள் வெட்டிவிடுங்கள். கண்டித்தவரே அதைச் சொன்னவர் ஆகிவிடுவார். குரலும் அவருடையது, முகமும் அவருடையது, ஒரு சொல்கூட மாற்றப்படவில்லை. இல்லை, அல்ல, முடியாது எல்லாமே நம் மொழியில் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கின்றன.

வகுப்பில் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கிளிப் முடியும் இடத்தில் பேசுகிறவரின் வாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்போம். திறந்திருக்கும்போதே நின்றால், முழுப் பேச்சைத் தேடாமல் யாருக்கும் அனுப்புவதில்லை.

“இறந்துபோன தலைவருங்க குரல்ல ஏஐ பேசுதே, அது தப்பா?”

2018-இல் மறைந்த கருணாநிதியின் உருவமும் குரலும் 2024 ஜனவரியில் கட்சி நிகழ்ச்சிகளில் பேசின. அடுத்த மாதம், 2016-இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் அ.தி.மு.க. ஒரு ஒலிப்பதிவை வெளியிட்டது. இரண்டையும் கட்சிகளே வெளியிட்டன, இன்னாருடைய தயாரிப்பு என்று தெரிந்தது. அதனால் மோசடி என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. காமராஜரைப் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஒருவருடைய நம்பகம் அவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வருகிறது. சொன்ன சொல்லுக்கு மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர் என்பதால்தான் பேச்சுக்கு மதிப்பு. “உடன்பிறப்புகளே” என்ற அந்தக் கரகரத்த குரலைக் கேட்டு இன்றும் கண் கலங்குபவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கண்ணீர் உண்மை. அதைக் கிளப்பிவிட்டு, இன்றைய வேட்பாளருக்கு அவர் ஒருபோதும் சொல்லாத பாராட்டைச் சொல்லவைப்பது, அவர் கையெழுத்தை வேறொருவர் போடுவதற்குச் சமம் என்றே நினைக்கிறேன்.

“எனக்குப் பிடிச்ச கட்சிக்காரர் பேசினா மட்டும் இந்தத் தந்திரம் எதுவுமே கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதே?”

எல்லோருக்கும் அப்படித்தான், எனக்கும். நிரப்பவேண்டிய பாதியை நாம் ஏற்கெனவே நிரப்பி வைத்திருப்பதால், வெற்றிடம் இருந்ததே தெரிவதில்லை. பேச்சை எழுத்தில் எடுத்து, ஆள் பெயர், கட்சிப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துவிட்டு, எதிர்க்கட்சிப் பெயரை எழுதி ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். உங்களுக்குக் கோபம் வந்தால், எந்த வரியில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரியில்தான் காரணம் இல்லாமல் உணர்ச்சி மட்டும் இருக்கும். குழுவாகச் செய்தால் இன்னும் நல்லது, உங்களுக்குத் தெரியாத வரி பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

“எம் பொண்ணு எட்டாவது. பேச்சுப்போட்டிக்கு எங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்றது?”

எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், முதல் கோரிக்கை அதுதான். தலைப்பைக் கொடுத்துவிட்டு, “இதை உங்க பாட்டிகிட்ட எப்படிச் சொல்வே?” என்று கேளுங்கள். அப்புறம், “இதை ஒத்துக்காத உன் சிநேகிதிகிட்ட எப்படிச் சொல்வே?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் அவள் சொல்லும் வாக்கியங்கள் வேறாக இருக்கும். அந்த வேறுபாட்டை அவளே கவனித்துவிட்டால் எதுகை மோனையை நான் கற்றுக்கொடுத்துக்கொள்கிறேன். ஞாயிறு காலை பத்து மணி, நூலகத்தின் மாடி அறை. கட்டணம் இல்லை. ஒரு நோட்டும், மேலே சொன்ன பென்சிலும் கொண்டுவந்தால் போதும்.